பேட்டரி மேல் பழி போடாதீர்கள்!

பழைய புல்லட் ஒன்று ராத்திரி நடுவழியில் நின்றுவிட்டால், மறுநாள் காலையில் மெக்கானிக் ஷெட்டில் வரும் தீர்ப்பு அநேகமாக ஒன்றுதான். "பேட்டரி போச்சு சார், புதுசு போட்டுடலாம்." போடுகிறார்கள். வண்டியும் ஜம்மென்று கிளம்புகிறது. சில மாதங்கள் கழித்து அதே வண்டி, அதே ஷெட், அதே தீர்ப்பு. இடையில் யாராவது ஒருவர் ஒரு மல்டிமீட்டரை எடுத்து பேட்டரி முனையில் வைத்துப் பார்த்தாரா? பெரும்பாலும் இல்லை.

பெரம்பூர், வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று வடசென்னை முழுக்க இன்னும் ஏராளமான பழைய புல்லட்கள் ஓடுகின்றன. சிலது தாத்தா வாங்கியது. சிலது ஆசைப்பட்டுப் பழையதாக வாங்கியது. வார நாளில் வேலைக்கு, நீண்ட விடுமுறை வந்தால் ஏலகிரிக்கோ ராமேஸ்வரத்துக்கோ. இந்த வண்டிகளுக்குப் புது சைலன்சர் வாங்குகிறார்கள், அகலமான சீட் தைக்கிறார்கள், முன்னால் இரண்டு ஃபாக் லைட் மாட்டுகிறார்கள், ஹேண்டில்பாரில் போன் சார்ஜர் வைக்கிறார்கள். இத்தனைக்கும் கரண்ட் கொடுக்க வேண்டிய சார்ஜிங் சிஸ்டத்தை மட்டும் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. முதலில் பார்க்க வேண்டியதே அதைத்தான்.

கையிருப்பு வேறு, வருமானம் வேறு

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். வண்டியில் வருமானம் தருவது ஆல்டர்னேட்டர். அதாவது கிராங்க் ஷாஃப்டோடு சுற்றும் காந்தமும் (ரோட்டர்), அதைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் காயிலும் (ஸ்டேட்டர்). அது தருவது ஏசி கரண்ட். அதை டிசியாக மாற்றுவது ரெக்டிஃபையர். அளவு மீறாமல் பார்த்துக்கொள்வது ரெகுலேட்டர். பேட்டரி? அது வெறும் சேமிப்புக் கணக்கு. போட்டதைத்தான் எடுக்க முடியும். பேட்டரி ஒரு யூனிட் கூட சொந்தமாக உற்பத்தி செய்வதில்லை.

மாதம் பத்தாயிரம் வருமானம், பதினைந்தாயிரம் செலவு உள்ள ஒரு குடும்பத்திடம், "உங்க பேங்க் அக்கவுண்ட் சரியில்லை, வேற பேங்க்ல ஓப்பன் பண்ணுங்க" என்று யாராவது ஆலோசனை சொன்னால் சிரிப்போமா இல்லையா? பேட்டரி மாற்றச் சொல்வதும் அதே ஆலோசனைதான். :-)

ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 12 வோல்ட் வண்டி. ஹெட்லைட் ஹை பீமில் 60 வாட். டெயில் லைட் 5. இக்னிஷன் சுமார் 25. மீட்டர் விளக்கு 3. போன் சார்ஜர் 10. மொத்தம் 103 வாட். இதோடு 35 வாட் ஃபாக் லைட் இரண்டு சேர்ந்தால் 173. ஆல்டர்னேட்டர் தருவது 100 வாட் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு நொடியும் 73 வாட் துண்டு விழுகிறது. அதாவது ஐந்தரை ஆம்பியருக்கு மேல். பேட்டரி 9 ஆம்பியர்-ஹவர் என்றால், காகிதக் கணக்குப்படியே ஒன்றரை மணி நேரம் சொச்சத்தில் காலி. பிரேக் விளக்கு, ஹாரன், இண்டிகேட்டர், பேட்டரியின் வயசு எல்லாவற்றையும் கழித்தால் இன்னும் சீக்கிரம். பெரம்பூரிலிருந்து கிளம்பி, தாம்பரம் நெரிசலைத் தாண்டி, செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் இருட்டில் வண்டி திணற ஆரம்பிக்கும். அப்போது அந்த ஃபாக் லைட் எதற்கு உதவும்?

இன்னொரு விஷயம். லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதி சார்ஜிலேயே நாள் கணக்கில் வைத்திருந்தால் அதன் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அப்புறம் அது முழு சார்ஜ் ஏற்காது. ஆக, வருமானம் போதாத வண்டியில் போடும் புது பேட்டரியும் சாகத்தான் போகிறது. பேட்டரி செத்தது நோய் அல்ல, நோயின் அறிகுறி.

6 வோல்ட் பக்தர்களுக்கு

பேட்டரி மாற்றுகிறவர்கள் ஒரு ரகம் என்றால், "ஒரிஜினல் கெடக்கூடாது" என்கிறவர்கள் இன்னொரு ரகம். பழைய 6 வோல்ட் புல்லட்டை 12 வோல்ட்டாக மாற்றலாம் என்று சொன்னாலே இவர்களுக்குக் கோபம் வந்துவிடும். "எங்க தாத்தா இதே லைட்ல மெட்ராஸ்லேருந்து மதுரை போனாரு" என்பார்கள். போயிருப்பார். அந்தத் தாத்தா காலத்து வண்டியில் போன் சார்ஜரும் இல்லை, ஃபாக் லைட்டும் இல்லை. எதிரே ஹை பீம் அடித்துக்கொண்டு வரும் ஆம்னி பஸ்ஸும் இல்லை, பின்னால் கண்டெய்னர் டிரெய்லர்களின் ஊர்வலமும் இல்லை.

6 வோல்ட்டில் என்ன குறை? ஓம் விதிதான். 60 வாட் பல்புக்கு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் போதும், 6 வோல்ட்டில் 10 ஆம்பியர் வேண்டும். பழைய வயர், தேய்ந்த ஸ்விட்ச், துருப்பிடித்த எர்த் எல்லாம் சேர்ந்து வெறும் 0.1 ஓம் தடை என்று வையுங்கள். 12 வோல்ட் வண்டியில் வழியில் தொலைவது அரை வோல்ட். அதாவது நூற்றுக்கு நாலு. 6 வோல்ட் வண்டியில் தொலைவது ஒரு முழு வோல்ட். அதாவது ஆறில் ஒரு பங்கு! இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜ் குறைவதைவிடப் பல மடங்கு வேகமாகக் குறையும். வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். ஆறில் ஒரு பங்கு போனால், கிட்டத்தட்ட பாதி வெளிச்சம் காலி. தாத்தா ஓட்டியபோது வயர் புதுசு. இப்போது அந்த வயருக்கும் தாத்தா வயசு.

ராயபுரம், காசிமேடு, எண்ணூர் பக்கம் வசிப்பவர்களுக்கு இதில் கூடுதல் வட்டி வேறு. உப்புக் காற்றில் கனெக்டர் எல்லாம் பச்சை பூத்துப் போயிருக்கும். ஒவ்வொரு பச்சையும் ஒரு திருடன்.

6 வோல்ட் போதவில்லை என்பது புல்லட்டுக்கு மட்டும் நேர்ந்த அவமானமும் அல்ல. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் அமெரிக்கச் சந்தைக்கு 1967 மாடலிலேயே 12 வோல்ட்டுக்கு மாறிவிட்டது. அதனால் பீட்டில் பீட்டிலாக இல்லாமல் போய்விட்டதா?

புல்லட்டைச் செய்த கம்பெனியாவது பழசைக் கட்டிக்கொண்டு அழுததா என்று பாருங்கள். மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ரெட்டிச்சிலிருந்த ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. தொழிற்சாலை திருவொற்றியூரில். ரெட்டிச் கம்பெனி 1970இல் அடங்கிப் போனது. திருவொற்றியூர் தொடர்ந்து ஓடியது. 1977இல் இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதி செய்தது. அந்தத் தொடர்ச்சியில் 6 வோல்ட் 12 ஆனது, பாயிண்ட் போய் எலக்ட்ரானிக் இக்னிஷன் வந்தது, வலது கால் கியர் இடது காலுக்குப் போனது, டிரம் பிரேக் இருந்த இடத்தில் டிஸ்க் வந்தது. செய்தவர்களே மாற்றிக்கொண்டார்கள். வாங்கினவர்கள் மட்டும் ஏன் இவ்வளவு பிடிவாதம்?

இன்னும் ஒரு சாட்சி அந்த வண்டியிலேயே இருக்கிறது. பழைய 6 வோல்ட் புல்லட்டின் இக்னிஷன் ஸ்விட்சில் 'எமர்ஜென்சி' என்று ஒரு நிலை உண்டு. பேட்டரி படுத்துவிட்டால், ஆல்டர்னேட்டரிலிருந்து நேராக இக்னிஷனுக்குக் கரண்ட் கொடுத்து உதைத்துக் கிளப்புவதற்கு. பேட்டரி படுக்கும் என்று தெரிந்துதான் அந்த ஏற்பாட்டையே செய்து வைத்தார்கள். குறை இருக்கிறது என்று வண்டியே ஒப்புக்கொள்கிறது, பக்தர்கள்தான் ஒப்புக்கொள்வதில்லை.

நியாயமாகப் பேசினால், ஒரு விதிவிலக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் துடைத்து, ஒரு ரவுண்டு போய்விட்டு, மூடி வைக்கிற கண்காட்சி வண்டியை அப்படியே விடலாம். தப்பில்லை. ராத்திரியில் மனிதனை ஏற்றிக்கொண்டு போகிற வண்டிக்கு அந்தச் சலுகை கிடையாது.

பெரம்பூரில் தேட வேண்டாத உதாரணம்

என்ஃபீல்டு இந்தியா தொடங்கிய அதே 1955இல், அக்டோபர் 2 அன்று, பெரம்பூரில் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையை நேரு திறந்து வைத்தார். பெரம்பூர்க்காரர்களுக்கு ரயில் பெட்டியைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பெட்டிக்கு அடியில் என்ன நடந்தது என்பது புல்லட்காரர்கள் கவனிக்க வேண்டிய கதை.

பழைய பெட்டிகளில் லைட்டும் ஃபேனும் 24 வோல்ட்டில் ஓடின. சக்கரத்தின் அச்சோடு பெல்ட் போட்டு ஒரு டைனமோ, கூடவே பேட்டரி. ரயில் ஓடும்போது டைனமோ சார்ஜ் செய்யும், ஸ்டேஷனில் நிற்கும்போது பேட்டரி கொடுக்கும். யோசித்துப் பார்த்தால் இதுவும் ஒரு பெரிய புல்லட்தான். லைட்டும் ஃபேனும் பெருகியபோது ரயில்வே என்ன செய்தது? "பேட்டரி போச்சு, மாத்திடலாம்" என்று காலத்தை ஓட்டவில்லை. மொத்த அமைப்பையே 110 வோல்ட்டுக்கு மாற்றியது. டைனமோவுக்குப் பதில் 4.5 கிலோவாட் ஆல்டர்னேட்டர், அதோடு ரெக்டிஃபையரும் ரெகுலேட்டரும் சேர்ந்த ஒரு பெட்டி. ஏசி பெட்டி என்றால் 25 கிலோவாட் ஆல்டர்னேட்டர்.

4.5 கிலோவாட்டை 24 வோல்ட்டில் கொடுக்க வேண்டுமானால் 187 ஆம்பியர் ஓட வேண்டும். 110 வோல்ட்டில் 41 போதும். செலவு கூடும் முன் வருமானத்தைக் கூட்டு, வழியில் தொலைவதைக் குறை. ரயில்வே செய்தது இவ்வளவுதான். ரயில் பெட்டிக்குப் பொருந்திய கணக்கு பைக்குக்குப் பொருந்தாதா?

நூறு வாட் வீரர்கள்

வெளிச்சம் போதவில்லை என்றவுடன் 100/90 வாட் பல்பு வாங்கி மாட்டுகிறவர்கள் மூன்றாவது ரகம். இவர்கள் செய்வது, வருமானம் போதாத குடும்பத்துக்குக் கிரெடிட் கார்டு வாங்கிக் கொடுக்கும் வேலை. சாதாரண எச்-4 பல்பு 60/55 வாட். அதற்கே சரியான வோல்ட்டேஜ் போகாத வண்டியில் 100 வாட் போட்டால் இன்னும் அதிக ஆம்பியர், இன்னும் அதிக இழப்பு. ஹோல்டர் உருகும், ஸ்விட்ச் கருகும். வெளிச்சம்? மஞ்சளாகத்தான் வரும். அதே 60 வாட் பல்புக்குத் தடிமனான வயரும் ஒரு ரிலேயும் போட்டு, முழு வோல்ட்டேஜ் கிடைக்கும்படி செய்தாலே பலருக்குப் போதும்.

மலிவு எல்.இ.டி. பல்பும் இதற்கு விடை அல்ல. இழை பல்புக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் ஏதோ ஒரு எல்.இ.டி.யைச் செருகினால் வெளிச்சம் சாலையில் விழாது, எதிரே வருகிறவர் கண்ணில் விழும். தன் கண் தெரியவில்லை என்று அடுத்தவன் கண்ணைக் குத்துவது என்ன நியாயம்? எல்.இ.டி. போடுவதென்றால் அதற்கென்றே செய்த முழு ஹெட்லைட் போட வேண்டும். சும்மா 20, 25 வாட்டில் வேலை முடியும். செலவைக் குறைப்பதும் ஒரு வகை வருமானம்தான்.

புது வண்டிகளில் பகலிலும் ஹெட்லைட் எரிகிறதே என்று பார்த்து, பழைய வண்டியிலும் அப்படியே ஓட்டுகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 2017 ஏப்ரலிலிருந்து புது இருசக்கர வண்டிகளுக்கு அது கட்டாயம். அவை அதற்குத் தகுந்த ஆல்டர்னேட்டரோடு வருகின்றன. பழைய வண்டி அந்தக் கணக்கில் செய்யப்பட்டதல்ல.

சரி, என்னதான் செய்வது?

முதலில் சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர். கீழே உள்ள அளவுகள் 12 வோல்ட் வண்டிக்கு.

1. சில மணி நேரம் ஓடாமல் நின்ற வண்டியில் பேட்டரியை அளக்கவும். 12.6 அல்லது அதற்கு மேல் என்றால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12க்குக் கீழே என்றால் காலி என்றே அர்த்தம்.

2. இன்ஜினை ஓடவிட்டு, 2500-3000 ஆர்பிஎம்மில், லைட் இல்லாமல் அளக்கவும். 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது, பேட்டரி வெந்துகொண்டிருக்கிறது.

3. அதே வேகத்தில் எல்லா லைட்டையும் போட்டு அளக்கவும். 13க்கு மேல் நின்றால் வரவு செலவு சமம். 12.8க்குக் கீழே இறங்கினால் துண்டு பட்ஜெட்.

4. லைட் எரியும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் உடம்புக்கும் நடுவில் மீட்டரை வைக்கவும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. உப்புத்தாளும் ஒரு புது எர்த் வயரும் போதும். பாதிப் பேருக்கு வியாதி இங்கேயே தீர்ந்துவிடும்.

இந்த நாலும் பத்து நிமிஷ வேலை. இதைச் செய்யாமல் பேட்டரி மாற்றச் சொல்கிறவரிடம், "மீட்டர் வச்சுப் பாத்தீங்களாண்ணே?" என்று மரியாதையாகக் கேளுங்கள். சத்தத்தை வைத்தே டேப்பட் செட் பண்ணும் கைத்திறன் உள்ள மெக்கானிக் அண்ணன்கள் வடசென்னையில் உண்டு. அவர்களுடைய காதைக் குறை சொல்லவில்லை. கரண்டுக்குச் சத்தம் கிடையாது, அதனால்தான் மீட்டர்.

அதற்குப் பிறகும் துண்டு விழுந்தால்தான் பெரிய வேலை. பல இந்திய வண்டிகளில் ஸ்டேட்டர் காயிலின் ஒரு முனையை எர்த் செய்து, ஏசி அலையில் பாதியை மட்டும் பேட்டரிக்கு அனுப்புவார்கள். அந்த முனையை எர்த்திலிருந்து பிரித்து, ஃபுல் வேவ் ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர் போட்டால், அதே காயிலிலிருந்து கூடுதலாகப் பேட்டரிக்கு வரும். உங்கள் வண்டியின் வயரிங் படத்தைப் பார்த்த பிறகே இதில் கை வைக்க வேண்டும். ரெகுலேட்டரிலும் இரண்டு வகை. ஷன்ட் வகை மிச்சக் கரண்டை ஷார்ட் செய்து சூடாக வீணாக்கும். காயில் எப்போதும் முழு பாரத்தில் வேகும். சீரிஸ் வகை தேவையில்லாதபோது இணைப்பைத் துண்டித்துவிடும், காயில் குளிர்ச்சியாக இருக்கும். விலை கூட, ஆனால் ஸ்டேட்டர் மாற்றும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

6 வோல்ட் வண்டியை மாற்றுகிறவர்கள் ஸ்டேட்டரோடு நிறுத்தக்கூடாது. பல்புகள், ஹாரன், இக்னிஷன் காயில், ஃபிளாஷர், பேட்டரி எல்லாமே 12க்கு மாற வேண்டும். பாதி மாற்றுவது மாற்றாமல் இருப்பதைவிட மோசம். பழைய ரோட்டரின் காந்தம் வலு இழந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். புல்லட்டில் ஸ்டேட்டர் இடது பக்க செயின் கேஸுக்குள் இருக்கிறது. ரோட்டருக்கும் அதற்கும் நடுவில் சுற்றிலும் ஒரே சீராக 0.2 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். ஒரு பக்கம் உரசினால் புது ஸ்டேட்டரும் போய்விடும். புதுப்பேட்டையில் பழைய ஸ்டேட்டர் வாங்குகிறவர்கள், கையில் மீட்டர் இல்லாமல் கடை வாசலை மிதிக்க வேண்டாம்.

"செலவு ஜாஸ்தியாச்சே?"

ஆகும். ஆனால் இது ஒரே ஒரு முறை போடும் மூலதனச் செலவு. வருஷா வருஷம் பேட்டரி வாங்குவது நடைமுறைச் செலவு, அதற்கு முடிவே கிடையாது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது கணக்குத் தெரியாதவர்கள் வேலை. அதுவும் எர்த்தைச் சுத்தம் செய்வது, ரிலே போடுவது, எல்.இ.டி. டெயில் லைட் மாட்டுவது போன்ற சின்ன வேலைகளுக்குப் பாக்கெட் மணியே போதும். சைலன்சருக்குக் கொடுத்த காசில் பாதி கூட ஆகாது. சைலன்சர் பிறர் காதுக்கு, சார்ஜிங் சிஸ்டம் தன் உயிருக்கு.

உயிர் என்பது மிகையான வார்த்தை அல்ல. பெரம்பூரிலிருந்து மணலிக்கும் எண்ணூருக்கும் ராத்திரி ஷிப்டுக்குப் போகிறவர்களை நினைத்துப் பாருங்கள். துறைமுகம் போகும் டிரெய்லர்கள் முன்னாலும் பின்னாலும். பேட்டரி இறங்க இறங்க ஹெட்லைட் மங்குவது ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அவர் வேகத்தைக் குறைப்பார். ஆனால் கூடவே டெயில் லைட்டும் மங்குகிறது. அது அவர் கண்ணுக்குத் தெரியாது. பின்னால் வரும் டிரெய்லர் டிரைவருக்குத்தான் தெரிய வேண்டும், அவருக்கும் தெரியாது. வேகம் குறைந்த, விளக்கு மங்கிய ஒரு பைக், அதற்குப் பின்னால் நாற்பது டன். இன்னும் கொஞ்சம் இறங்கினால் இக்னிஷனுக்கும் கரண்ட் போதாமல் இன்ஜின் இழுக்கும், பிறகு நடுரோட்டில் நிற்கும்.

இது நடப்பதற்கு முன்னால் எச்சரிக்கை கொடுக்கும் பொருள் பழைய புல்லட்டின் ஹெட்லைட்டுக்கு மேலேயே இருக்கிறது. ஆம்மீட்டர். லைட் போட்டு ஓட்டும்போது அதன் முள் தொடர்ந்து கழித்தல் பக்கமே சாய்ந்திருந்தால் வண்டி கடனில் ஓடுகிறது என்று பொருள். அழகுக்காக அதற்கு பாலிஷ் போட்டுத் துடைக்கிறார்கள். துடைத்த கையோடு அது என்ன காட்டுகிறது என்றும் ஒரு தடவை படிக்கலாம்.